ஐயத்தைச் சுமக்க வேண்டியவர் யார்?

அலுவலகத்துக்கு வந்த மின்னஞ்சலைத் திறந்தவுடன் மேலே ஒரு பெயர் தெரிகிறது. மேலாளரின் பெயர், கணக்கரின் பெயர், சரக்கு அனுப்பும் நிறுவனத்தின் பெயர். படிப்பவர் அதைப் பார்த்த கையோடு விஷயத்துக்குப் போய்விடுகிறார். அந்தப் பெயரை அங்கே எழுதியது யார் என்று அவர் கேட்பதில்லை. 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதி வெளிவந்த எஸ்.எம்.டி.பி. விதிமுறையின்படி, அஞ்சல் அனுப்பும் கணினி எதிர்க் கணினியிடம் முதலில் தன் பெயரைச் சொல்லும். அனுப்புநர் இன்னார் என்று சொல்லும். பெறுநர் இன்னார் என்று சொல்லும். பிறகு கடிதத்தை ஒப்படைக்கும். அனுப்புநரைப் பற்றிச் சொன்னது மெய்தானா என்று சோதிக்கும் படி அந்த விதிமுறையில் இல்லை. சொன்னால் ஏற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகின் கொடுக்கல் வாங்கல் இந்த அடித்தளத்தின்மேல்தான் நடக்கிறது. இன்று ஓர் அலுவலகத்தில் அவுட்லுக்கையோ தண்டர்பேர்டையோ நிறுவி, சர்வர் பெயரும் போர்ட் எண்ணும் கொடுத்து, சான்றிதழ் எச்சரிக்கைகளோடு மல்லுக்கட்டும் ஐ.டி. ஊழியரின் உழைப்பில் பெரும்பகுதி இந்த ஓர் இடைவெளியை அடைப்பதற்கே செலவாகிறது. பிறர் சொல்லை எப்போது நம்பலாம், நம்புவதற்கு முன் சந்தேகப்பட வேண்டியது யாருடைய கடமை என்று நம் தத்துவ மரபுகள் நூற்றாண்டுக்கணக்கில் வாதிட்டன. அந்த வாதத்துக்கு இந்த ஊழியரின் மேசையிலிருந்து ஒரு பதில் கிடைக்கிறது என்று கருதுகிறேன்: ஐயம் தேவை, ஆனால் அதைச் சுமக்க வேண்டியவர் கடைசியில் படிப்பவர் அல்லர்.

அறிவு எந்த வழியாக வருகிறது என்ற விசாரணையை நம் நூல்கள் அளவை என்ற பெயரில் வைத்தன. கண்டு அறிவது, கண்டதைக் கொண்டு கருதி அறிவது, பிறர் சொல்லக் கேட்டு அறிவது ஆகியவற்றில் மூன்றாவதைப் பற்றித்தான் பெரிய சண்டை. உலகாயதர் காட்சியோடு நின்றார்கள். பௌத்தத் தருக்கத்தை நிலைநாட்டிய திங்நாகர் காட்சி, கருதல் இரண்டை மட்டும் ஏற்றார். மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி பத்து அளவைகளை அடுக்குகிறான்; 29ஆம் காதையில் அறவண அடிகள் அவற்றை இரண்டுக்குள் கொண்டுவருகிறார். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரை அளவையிலிருந்தே தொடங்கி, காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் எல்லாவற்றையும் அடக்கினார். இந்தச் சண்டைக்குள் இன்னொரு சண்டையும் உண்டு. 7ஆம் நூற்றாண்டு மீமாம்சகரான குமாரிலர், ஓர் அறிவு தோன்றும்போதே ஏற்கத்தக்கதாகத்தான் தோன்றுகிறது என்றார். அதைப் பொய்யாக்கும் வேறோர் அறிவு வந்தாலோ, அது பிறந்த வழியில் குற்றம் இருப்பது தெரிந்தாலோ மட்டும் கைவிட்டால் போதும். நியாய மரபைச் சேர்ந்த நையாயிகர் இதை மறுத்தார்கள். அறிவின் மெய்மை அதற்கு வெளியேயிருந்து நிறுவப்பட வேண்டும். சொன்னவர் எத்தகையவர், சொன்னபடி நடந்தால் காரியம் கைகூடுகிறதா என்று பார்த்த பிறகே அது உறுதியாகும் என்றார்கள். 1982ஆம் ஆண்டின் விதிமுறை குமாரிலரின் பக்கம் நிற்பதாகவும், இன்றைய மின்னஞ்சல் நையாயிகரின் பக்கம் வந்துவிட்டதாகவும் சொல்லலாம். பழையது அப்பாவித்தனம், புதியது விவேகம் என்று இதற்கு ஒரு முடிவுரை எழுதுவதும் எளிது. அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

பழைய ஏற்பாடு அப்பாவித்தனமாக இருக்கவில்லை. அந்தக் காலத்தில், இணையத்துக்கு முன்னோடியான ஆர்பாநெட் வலையமைப்பில் இருந்தவை சில நூறு கணினிகள்; பல்கலைக்கழகங்கள், ஆய்வுக்கூடங்கள், பாதுகாப்புத் துறையோடு தொடர்புடைய நிறுவனங்கள். ஒவ்வொரு கணினிக்கும் பொறுப்பாளர் உண்டு, அவரைத் தொலைபேசியில் பிடிக்கலாம். 1978 மே மாதத்தில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் புதிய கணினிகளுக்கான விளம்பரத்தைச் சுமார் 400 பேருக்கு ஒரே மூச்சில் அனுப்பியபோது, கண்டனம் உடனே வந்தது. யார் செய்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. பொய் சொன்னால் வெகுசீக்கிரம் பிடிபடும் இடத்தில், சொல்லை முதலில் நம்பிவிட்டுப் பிறகு திருத்திக்கொள்வதுதான் அறிவுடைமை. குமாரிலரின் கொள்கைக்கு வேண்டியதும் இதுவே: மறுப்பு வரக்கூடிய வழி திறந்திருக்க வேண்டும். பின்னாளில் கெட்டது நம்பிக்கை அல்ல, அந்த வழி அடைபட்டதுதான். கோடிக்கணக்கான கணினிகள் சேர்ந்தபோது, யார் கொடுத்தாலும் வாங்கி யாருக்கும் கடத்தும் சர்வர்கள் குப்பை அஞ்சலுக்குப் பாதையாயின. 1998இல் வெளியான சென்ட்மெயில் 8.9 பதிப்பு அப்படிக் கடத்துவதை இயல்புநிலையில் நிறுத்தியது. 1999இல் அனுப்புபவர் கடவுச்சொல் கொடுத்து நுழையும் முறை விதிமுறையாக வந்தது. இன்று மின்னஞ்சல் நிரலை அமைக்கும்போது, வெளியே போகும் அஞ்சலுக்கு 25 என்ற போர்ட்டைக் கொடுத்தால் பெரும்பாலும் இணைப்பு கிடைக்காது. 587 அல்லது 465 கொடுத்து, குறியாக்கத்தையும் அடையாளச் சோதனையையும் ஏற்க வேண்டும். அந்த எண்கள் மாறியதற்குப் பின்னால் இந்த வரலாறு முழுவதும் இருக்கிறது.

ஓர் அலுவலகத்தின் டொமைனுக்கு அஞ்சல் அமைப்பவர் இன்று டி.என்.எஸ். பதிவில் மூன்று அறிவிப்புகளைச் சேர்க்க வேண்டும். எங்கள் பெயரில் அஞ்சல் அனுப்ப உரிமையுள்ள சர்வர்கள் இவை என்று சொல்வது எஸ்.பி.எஃப். எங்கள் அஞ்சல்களில் இடப்படும் கணிதக் கையொப்பத்தைச் சோதிக்க உதவும் திறவுகோல் இது என்று சொல்வது டி.கே.ஐ.எம். இவ்விரு சோதனைகளில் ஒன்றாவது, படிப்பவர் கண்ணில் படும் முகவரியோடு பொருந்தித் தேறாவிட்டால் அந்த அஞ்சலை என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது டிமார்க். மூன்றும் 2006, 2007, 2015 ஆகிய ஆண்டுகளில் விதிமுறை ஆவணங்களாக வந்தவை. மூன்றாவது ஏன் தேவைப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். எஸ்.பி.எஃப். சோதிப்பது அஞ்சலை ஒப்படைக்கும்போது சர்வரிடம் சொல்லப்படும், உறையின்மேல் எழுதியது போன்ற அனுப்புநர் முகவரியை. படிப்பவர் பார்ப்பதோ உள்ளே கடிதத்தின் தலைப்பில் உள்ள முகவரியை. இரண்டும் வேறாக இருக்கலாம், நெடுங்காலம் அதை யாரும் ஒப்பிடவில்லை. சோதனை நடந்தது, ஆனால் படிப்பவர் நம்பியதைச் சோதிக்கவில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 அஞ்சல்களுக்கு மேல் அனுப்புவோர் இம்மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் கட்டாயமாக்கியது. இவ்வளவுக்குப் பிறகும் இவை நிறுவுவது அஞ்சல் எந்த டொமைனிலிருந்து வந்தது என்பதை மட்டுமே. ஓர் எழுத்தை மாற்றி வேறொரு டொமைனை வாங்கிய மோசடிக்காரர் மூன்றையும் பிழையின்றி அமைத்து எல்லாச் சோதனைகளிலும் தேறிவிட முடியும். நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், நம்பத்தக்கவருக்கு இரண்டு தகுதிகளைக் கேட்டார்: பொருளை நேரடியாக அறிந்திருக்க வேண்டும், அறிந்தபடியே சொல்லும் விருப்பம் வேண்டும். சர்வர்கள் இந்த இரண்டையும் தொடவே இல்லை. பேசுகிறவர் தம் பெயரை மாற்றிச் சொல்லவில்லை என்பதுவரைதான் அவற்றால் வர முடிகிறது.

அப்படியானால் அந்தப் பெயராவது முழுவதும் நிறுவப்பட்டதா என்று கேட்டால், ஒவ்வொரு நிறுவலுக்கும் அடியில் இன்னொரு நம்பிக்கை கிடக்கிறது. கையொப்பத்தைச் சோதிக்கும் திறவுகோல் டி.என்.எஸ்.ஸில் இருக்கிறது. டி.என்.எஸ். சொல்வதை எப்படி நம்புவது? அதற்கும் கையொப்பம் இடும் முறை உண்டு. அந்தக் கையொப்பச் சங்கிலியின் உச்சியில் ஒரே ஒரு மூலத் திறவுகோல் இருக்கிறது. 2010இலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியாவில் கல்பெப்பர், கலிஃபோர்னியாவில் எல் செகுண்டோ ஆகிய இரு ஊர்களில், பல நாடுகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பொறுப்பாளர்கள் நேரில் கூடி, ஒவ்வோர் அசைவையும் படம்பிடித்துப் பொதுவில் வைத்து, அந்தத் திறவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். கணிதம் அத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்குமேல் இருப்பது சில மனிதர்களின் வாக்கும் அதைப் பார்த்திருக்கும் சாட்சிகளும்தான். அவுட்லுக் சர்வரோடு இணையும்போது சோதிக்கும் சான்றிதழும் இப்படியே. சர்வரின் சான்றிதழுக்கு இடைநிலை அமைப்பு ஒன்று கையொப்பமிட்டிருக்கும், அதற்கு மூல அமைப்பு கையொப்பமிட்டிருக்கும், மூல அமைப்பின் சான்றிதழில் இருப்பது அதன் சொந்தக் கையொப்பமே. சரிபார்ப்பு மூன்று நான்கு படிகளில் முடிந்துவிடுகிறது. சரிபார்ப்பதைச் சரிபார்ப்பது எதுவரை போகும் என்ற கேள்விக்குக் குமாரிலர் தந்த பதிலும் ஏறக்குறைய இதுதான்: மூன்று நான்கு அறிவுகளுக்கு மேல் தேடத் தேவையில்லை என்றார். மூலச் சான்றிதழ்கள் நிறுவப்பட்டவை அல்ல. குற்றம் தெரியும்வரை ஏற்கப்பட்டவை. 2011இல் டச்சு நாட்டின் டிஜிநோட்டார் என்ற சான்றிதழ் அமைப்புக்குள் ஊடுருவியவர்கள் கூகுளின் பெயரிலேயே போலிச் சான்றிதழ் எடுத்தது தெரியவந்ததும், உலாவிகள் அனைத்தும் அதன் மூலச் சான்றிதழை நீக்கின. செப்டம்பரிலேயே அந்நிறுவனம் திவாலானது. பிறந்த வழியில் குற்றம் தெரிந்தால் அறிவைக் கைவிடு என்ற விதி அங்கே செயல்பட்டது.

ஆக நையாயிகரின் கட்டடத்துக்குக் குமாரிலரின் தரைதான் கிடைத்திருக்கிறது. இதனால் சோதனைகள் வீண் என்று ஆகிவிடாது. அவை என்ன செய்தன என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். நம்பிக்கையை அவை ஒழிக்கவில்லை, இடம் மாற்றின. ஒவ்வோர் அஞ்சலையும் படிக்கும் ஒவ்வொருவரும், இது மெய்யாகவே இவர் எழுதியதுதானா என்று தனித்தனியே கேட்க வேண்டியிருந்த நிலை மாறி, அந்தக் கேள்வியைத் திறவுகோல் சங்கிலியின் உச்சியில் இருக்கும் சிலரும், டொமைனை வைத்திருக்கும் நிறுவனமும், சர்வரை நடத்துபவரும் பங்கிட்டுக்கொண்டார்கள். அவர்களிடம் கருவி உண்டு, நேரம் உண்டு, தவறினால் பதில் சொல்ல வேண்டிய முகவரியும் உண்டு. மாதக் கடைசியில் நூறு இன்வாய்ஸ்களைத் தீர்க்க உட்காரும் கணக்குப் பிரிவு ஊழியரிடம் இவற்றில் எதுவும் இல்லை. ஐயப்படும் கடமை, ஐயத்தைத் தீர்க்கும் வசதி உள்ளவரிடம் இருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். தீர்க்க முடியாதவரிடம் ஐயத்தைக் கொடுப்பது அவரை விழிப்புள்ளவராக ஆக்காது. அச்சத்தைத்தான் கொடுக்கும், தவறு நடந்தால் பழியையும் அவர்மேல் சேர்க்கும்.

இதற்கு முதல் மறுப்பு வலுவானது. அமெரிக்க எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார் மையம் 2023ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட அறிக்கையில், அலுவலக மின்னஞ்சல் வழியான ஆள்மாறாட்ட மோசடிகளில் மட்டும் புகார் செய்யப்பட்ட இழப்பு ஏறத்தாழ 290 கோடி டாலர். 2013க்கும் 2015க்கும் இடையே லிதுவேனியாவைச் சேர்ந்த ஒருவர், தைவான் வன்பொருள் நிறுவனம் ஒன்றின் பெயரிலேயே லாட்வியாவில் ஒரு நிறுவனத்தைப் பதிவுசெய்து, அந்தப் பெயரில் மின்னஞ்சலும் இன்வாய்ஸும் அனுப்பி, கூகுளிடமிருந்தும் ஃபேஸ்புக்கிடமிருந்தும் 10 கோடி டாலருக்கு மேல் பெற்றார். 2019இல் நியூயார்க் நீதிமன்றம் ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. தொழில்நுட்பத்தில் இந்த இரு நிறுவனங்களை மிஞ்சியவை அதிகம் இல்லை. அவர்களே ஏமாந்தார்கள் என்றால், இயந்திரம் சுமக்கும் ஐயம் போதாது, படிக்கும் ஒவ்வொருவரும் சந்தேகக்கண்ணோடுதான் படிக்க வேண்டும் என்பார்கள். பல அலுவலகங்களின் பயிற்சி வகுப்புகளும் இதையே சொல்லித்தருகின்றன: எந்த அஞ்சலையும் நம்பாதே. ஆனால் இதே வழக்கை இன்னொரு முறை பார்க்கலாம். அந்த மனிதரிடம் போலி ஒப்பந்தங்களும் போலிக் கடிதங்களும் முத்திரைகளோடு தயாராக இருந்தன. எவ்வளவு உற்றுப் படித்தாலும் ஓர் ஊழியரின் கண் அவற்றைப் பிடித்திருக்கும் என்று சொல்ல முடியாது. இத்தகைய மோசடியைத் தடுப்பது உற்றுப் படிக்கும் கண் அல்ல, நடைமுறை: வங்கிக் கணக்கு எண் மாறினால், முன்பே பதிவில் இருக்கும் தொலைபேசி எண்ணில் அழைத்து உறுதிசெய்யாமல் பணம் போகக் கூடாது; ஒரு தொகைக்கு மேல் இருவர் ஒப்புதல் வேண்டும். இந்த விதியை ஊழியர் தாமாக இயற்ற முடியாது, நிறுவனம்தான் இயற்ற வேண்டும். விதி இருந்தால், அனுப்பியவர் நல்லவரா கெட்டவரா என்று அவர் முடிவுகட்ட வேண்டிய அவசியமே எழாது. நல்லவரையும் அழைத்துத்தான் கேட்பார், அதில் யாருக்கும் அவமதிப்பு இல்லை.

எந்த அஞ்சலையும் நம்பாதே என்ற போதனை தன்னளவிலும் நிற்காது. அந்தப் போதனையும் அஞ்சலாகத்தான் வருகிறது. அதில் உள்ள இணைப்பைச் சொடுக்கிப் பயிற்சியை முடிக்கச் சொல்கிறது. ஊழியர் சொன்னபடி கேட்டால் பயிற்சியை முடிக்க முடியாது. நியாய மரபில் பிற்காலத்தவரான உதயனர் இத்தகைய ஐயவாதத்துக்கு ஓர் எல்லை குறித்தார்: ஒருவர் தம் செயலாலேயே மறுக்கும் இடத்துக்கு அப்பால் ஐயத்தை நீட்டிக்கொண்டு போக முடியாது. உணவு பசியாற்றுமா என்று ஐயப்படுபவரும் சாப்பிட உட்காருகிறார். மேலாளரின் அஞ்சலைச் சந்தேகி என்று சொல்லும் நிறுவனம், அதே மேலாளரின் அஞ்சலுக்கு அரைமணி நேரத்தில் பதில் வராவிட்டால் கோபப்படுகிறது. ஐயத்தை வாயால் விதித்து, நம்பிக்கையைச் செயலால் கேட்கும் இந்த நிலையில் ஊழியர் எதைச் செய்தாலும் குற்றவாளி. இதைவிடப் பெரிய கேடு, உடன் வேலை செய்பவர்களின் சொல்லை ஏற்கும் பழக்கமே தேய்ந்துபோவது. ஓர் அலுவலகத்தில் நடப்பதில் தொண்ணூறு விழுக்காடு ஒருவர் சொன்னதை இன்னொருவர் அப்படியே எடுத்துக்கொண்டு செய்வதுதான் என்று நினைக்கிறேன். அந்த ஏற்பு சிதைந்தால் எந்தக் கருவியாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

பௌத்தர் பக்கத்திலிருந்து நுட்பமான மறுப்பு ஒன்று வரும். சொல்லை ஏற்பது என்று தனியாக ஒன்று இல்லை. சொன்னவரின் முந்தைய நடத்தையைக் கொண்டு இம்முறையும் மெய் சொல்வார் என்று கருதிக்கொள்கிறோம், அவ்வளவுதான். அப்படிப் பார்த்தால் சொல்லை நம்பும் ஒவ்வொருவரும் ஏற்கெனவே தமக்குள் கணக்குப் போட்டுத்தான் நம்புகிறார்கள். ஐயத்தை வேறொருவரிடம் கொடுக்கலாம் என்பது வெறும் பேச்சு. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் தம் மடிக்கணினியில் அலுவலக அஞ்சலை அமைப்பதை எண்ணிப்பார்த்தால் இது பொருந்தாது என்று தெரியும். உள்வரும் அஞ்சலுக்கு ஐமேப், போர்ட் 993 என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 993 ஏன் 143 அல்ல என்று அவருக்குத் தெரியாது. எழுதியவர் யார் என்றும் தெரியாது, அவருடைய முந்தைய நடத்தை பற்றி எந்தச் சான்றும் கிடையாது. இருந்தாலும் எண்ணைத் தட்டுகிறார், அஞ்சல் வந்து இறங்குகிறது. கருதலுக்கு வேண்டிய பொருள் எதுவும் கையில் இல்லாதபோதே சொல் அவருக்கு அறிவைக் கொடுத்துவிட்டது. பின்னால் சோதனை அஞ்சல் போய்ச் சேர்ந்தது அதை உறுதிப்படுத்தியது. முதலில் ஏற்பு, பிறகு செயலின் வெற்றி. குமாரிலருக்கும் நையாயிகருக்கும் இங்கே சேர்ந்தே இடம் இருக்கிறது. இப்படி ஏற்பதால் ஆபத்து இல்லையா என்றால், உண்டு. முகவரியை மட்டும் கொடுத்தால் அவுட்லுக் தானே சர்வரைத் தேடிக்கொள்ளும் ஆட்டோடிஸ்கவர் வசதியில் 2021இல் ஒரு பெரும் ஓட்டை வெளிவந்தது. சரியான இடத்தில் பதில் கிடைக்காதபோது சில நிரல்கள் அலுவலகத்துக்குத் தொடர்பே இல்லாத டொமைன்களிடம் போய்க் கேட்டு, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒப்படைத்தன. அத்தகைய டொமைன்களைத் தாமே வாங்கி வைத்துப் பார்த்த கார்டிகோர் என்ற பாதுகாப்பு நிறுவனத்திடம் சில மாதங்களில் 90,000க்கும் மேற்பட்ட தனித்தனி நுழைவு விவரங்கள் வந்து விழுந்தன. தட்டச்சு செய்த ஊழியர்களில் ஒருவரிடமும் தவறு இல்லை. தவறு, நிரலை எழுதியவர்கள் பட வேண்டிய ஐயத்தைப் படாமல் விட்டதில் இருந்தது.

அஞ்சல் பழுதாகும்போது இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. "மெயில் வரல்லைங்க, நான் எதையும் மாத்தலை" என்று ஊழியர் சொல்கிறார். பின்பாதியை ஐ.டி. பிரிவுகளில் பலர் நம்புவதே இல்லை. எதையோ தொட்டுவிட்டு மறைக்கிறார் என்று முன்கூட்டியே முடிவுகட்டிவிடுகிறார்கள். 2022 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் சேவையில், பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் கொடுத்து நுழையும் பழைய முறையைப் படிப்படியாக நிறுத்தத் தொடங்கியது. பழைய நிரல்கள் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டன. சரியாகத் தட்டினாலும் ஏற்கவில்லை. எதையும் மாற்றவில்லை என்று சொன்ன ஊழியர் சொன்னது மெய். கடவுச்சொல் தவறு என்பதுபோல் திரையில் எழுந்த பெட்டி சொன்னதுதான் பிழை. 2021 செப்டம்பர் 30 அன்று ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானபோதும் இப்படித்தான்: அதைச் சார்ந்திருந்த லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பின் சான்றிதழ் வைத்திருந்த சர்வர்களில் ஒரு குறையும் இல்லை, புதுப்பிக்கப்படாத பழைய கணினிகளும் கைபேசிகளும் சர்வர்மேல் குற்றம் சுமத்தின. தாய்ப்பலகையின் பேட்டரி தீர்ந்து கணினியின் தேதி பின்னோக்கிப் போய்விட்டாலும் இதே எச்சரிக்கை வரும். இயந்திரத்தின் சொல்லும் சொல்தான். அதுவும் தன் நிலையிலிருந்து தெரிந்ததைச் சொல்கிறது. நல்ல பழுதுபார்ப்பவர் ஊழியரின் பேச்சில் காட்சியையும் கருதலையும் பிரித்துக்கொள்கிறார். அஞ்சல் வரவில்லை என்பது அவர் கண்டது, அதில் அவரை விடத் தக்க சாட்சி இல்லை. சர்வர் விழுந்துவிட்டது என்பது அவருடைய ஊகம், அதைச் சோதிக்கலாம்: உலாவி வழியே அதே அஞ்சல்பெட்டியைத் திறந்து பார்த்தால், அஞ்சல் அங்கே இருக்கிறது என்றால் குறை நிரலில், அங்கேயும் இல்லை என்றால் தடுப்புப் பெட்டியிலோ, அஞ்சல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்.எக்ஸ். பதிவிலோ தேட வேண்டும். வாத்ஸ்யாயனர் நம்பத்தக்கவரின் இலக்கணத்தைச் சொன்ன இடத்தில், அது ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொதுவானது என்றும் சேர்த்தார். பிறப்பாலும் பதவியாலும் சொல்லுக்கு எடை கூடுவதில்லை, கண்டதைக் கண்டபடி சொல்வதால் கூடுகிறது. மேலாளர் சொன்னால் உடனே பார்ப்பதும், கடைநிலை ஊழியர் சொன்னால் மீண்டும் தொடங்கிப் பாருங்கள் என்று அனுப்பிவிடுவதும் இந்த இலக்கணத்துக்கு எதிரான காரியங்கள். அதனால் பழுது கண்டுபிடிக்கப்படுவதும் தள்ளிப்போகிறது.

கடைசி மறுப்புதான் எனக்கு மிகுந்த கவலை தருவது. ஐயத்தை இயந்திரங்களிடமும் அவற்றை நடத்துபவர்களிடமும் கொடுத்துவிட்டால், யாருடைய சொல் கேட்கப்பட வேண்டும் என்ற அதிகாரமும் அவர்களிடம் போய்ச் சேர்கிறது. உலகின் அலுவலக அஞ்சல் பெரும்பாலும் இரண்டு மூன்று நிறுவனங்களின் சர்வர்கள் வழியே போகிறது. சொந்தமாக ஒரு சிறு சர்வரை நடத்தும் கல்லூரியோ தொண்டு நிறுவனமோ மூன்று அறிவிப்புகளையும் பிழையின்றி அமைத்திருந்தாலும், அதன் ஐ.பி. முகவரிக்கு இன்னும் நற்பெயர் இல்லை, அல்லது பக்கத்து முகவரியிலிருந்து முன்பு யாரோ குப்பை அனுப்பியிருந்தார்கள் என்பதற்காக அதன் அஞ்சல் ஸ்பேம் பெட்டியில் விழலாம். சுமையைத் தூக்குபவர் அதைப் பிறர்மேல் ஏற்றும் உரிமையையும் எடுத்துக்கொள்கிறார். இதற்குப் பதிலாக, ஐயத்தைத் திரும்பப் படிப்பவரிடமே கொடுத்துவிடலாம் என்பதை நான் ஏற்கவில்லை. நாளுக்கு ஆயிரம் குப்பை அஞ்சல்களுக்கு நடுவே அவரை நிறுத்துவது அவருக்குச் சுதந்திரம் கொடுப்பது ஆகாது. ஆனால் ஐயப்படுபவருக்கும் ஒரு கடமை உண்டு, அது பழைய விதிமுறையிலேயே இருக்கிறது. ஓர் அஞ்சலை ஏற்றுக்கொண்டேன் என்று ஒரு சர்வர் பதில் சொன்ன பிறகு, அதைப் பெறுநரிடம் சேர்ப்பதோ, சேர்க்க முடியவில்லை என்று அனுப்புநருக்குத் தெரிவிப்பதோ அதன் பொறுப்பு. 2008இல் புதுப்பிக்கப்பட்ட எஸ்.எம்.டி.பி. ஆவணமும் இதை வலியுறுத்துகிறது. ஏற்காவிட்டால் வாசலிலேயே மறுக்கலாம். 4இல் தொடங்கும் எண் பிறகு வா என்கிறது, 5இல் தொடங்கும் எண் இது நடக்காது என்கிறது, 550 5.1.1 என்றால் அப்படி ஒரு முகவரி இங்கே இல்லை. அந்த எண்களும் பக்கத்தில் வரும் ஒரு வரி விளக்கமும் அனுப்பியவருக்குத் திருத்திக்கொள்ள வழி தருகின்றன, தவறு மறுத்தவரிடம் என்றால் அதைச் சுட்டிக்காட்டவும் வழி தருகின்றன.

ஏற்றுக்கொண்டதாகச் சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் அஞ்சலை அழித்துவிடும் சர்வர்களும் உண்டு. காரணம் சொன்னால் மோசடிக்காரர்கள் அதைக் கொண்டு தங்களைத் திருத்திக்கொண்டு தப்பிவிடுவார்கள் என்பது அவற்றை நடத்துபவர்களின் வாதம், அதில் நியாயம் இல்லாமல் இல்லை. குப்பையென்று உறுதியாகத் தெரிந்த வெள்ளத்துக்கு அது பொருந்தலாம். சந்தேகத்துக்கு இடமுள்ள ஓர் அஞ்சலுக்குப் பொருந்தாது. வேலைக்கு விண்ணப்பித்தவரின் கடிதம், காலக்கெடுவுக்கு முந்தின நாள் போன டெண்டர், நோயாளியின் பரிசோதனை முடிவு என எதுவும் அதில் இருக்கலாம். அனுப்பியவர் போய்ச் சேர்ந்தது என்று நம்புகிறார். பெறுநர் அனுப்பப்படவே இல்லை என்று நம்புகிறார். இருவர் அறிவும் பொய். அதைப் பொய்யென்று காட்டும் செய்தி எங்கிருந்தும் வரப்போவதில்லை. மறுப்பு வரும் வழி திறந்திருக்கும்வரைதான் முதலில் நம்புவது நியாயம் என்று குமாரிலர் வழியில் நின்று சொன்னோம். அந்த வழியை அடைக்கும் சர்வர் இருவரின் நம்பிக்கைக்கும் இருந்த நியாயத்தை அவர்களுக்குத் தெரியாமலே எடுத்துவிடுகிறது. ஆகவே ஓர் அலுவலகத்தின் அஞ்சலை அமைப்பவர் வடிகட்டிகளைத் தேர்ந்தெடுக்கும்போது, அழித்துவிடு என்ற தேர்வைத் தவிர்த்து, வாசலிலேயே காரணத்தோடு மறுப்பதையோ, பெறுநர் தாமே திறந்து பார்க்கக்கூடிய தடுப்புப் பெட்டியில் வைப்பதையோ தேர்வது அவர் தரப்பில் கொடுக்க வேண்டிய கடன். அந்தப் பெட்டியில் தவறுதலாகச் சிக்கியதை மீட்டபின், ஏன் சிக்கியது என்று அனுப்பியவருக்கு ஒரு வரி எழுதுவதும் அதில் சேரும்.